டிஜாக்சின் மாத்திரையை வீட்டில் கொடுப்பது எப்படி

எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துவிட்டு "பம்பிங் கம்மியாக இருக்கிறது" என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் ஐந்தாறு மாத்திரைகள் இருக்கும். அதில் டிஜாக்சின் 0.25 என்று ஒன்று இருந்தால், பக்கத்திலேயே 'வாரம் 5 நாள்' என்றோ 'அரை மாத்திரை' என்றோ ஒரு சின்னக் குறிப்பும் இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது அந்தக் குறிப்பைத்தான்.

நான் இதய நோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு மாத்திரை மாறினாலும் சீட்டையும் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். பிரஷர் மாத்திரை என்றால் வாசலில் நின்றபடியே சொல்லி அனுப்பிவிடுவேன். டிஜாக்சின் என்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசுவேன். நன்மை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இவ்வளவு கொஞ்ச இடைவெளி உள்ள மாத்திரைகள் அதிகம் இல்லை. அந்தக் கெடுதலும் முதலில் நெஞ்சில் தெரியாது. பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும். அதைப் பார்க்கக்கூடியவர் வீட்டில் சோறு போடுகிறவர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. அவர் முடிவு எடுக்கத் தேவையான விவரங்களைச் சேர்த்து வைப்பது வீட்டில் இருப்பவர் வேலை.

இது எதற்கு, எதற்கு இல்லை

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. டிஜாக்சின் அதன் வேலையைக் கொஞ்சம் தடுக்கிறது. செல்லுக்குள் சோடியம் கூடுகிறது, அதனால் கால்சியம் வெளியே போவது குறைகிறது. தங்கிய கால்சியம் தசையை இன்னும் அழுத்தமாகச் சுருங்க வைக்கிறது. இது ஒரு வேலை. இன்னொன்று, நாடியின் வேகத்தைக் குறைப்பது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லும் தாறுமாறான துடிப்பு உள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் என்ற இதய வால்வு சுருங்கி, பின்னால் துடிப்பும் கெட்டுப்போனவர்கள் நம் ஊர் வார்டுகளில் நிறைய. டிஜாக்சினை நான் அதிகம் கொடுத்தது அவர்களுக்குத்தான்.

ஆனால் இந்த மாத்திரை ஆயுளைக் கூட்டும் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருந்தால் அது சரியில்லை. 1997-ல் வெளியான பெரிய ஆய்வில், துடிப்பு ஒழுங்காக இருந்த சுமார் 6,800 இதயச் செயலிழப்பு (இதயத்தின் பம்பிங் போதாமல் போவது) நோயாளிகளில் பாதிப் பேருக்கு டிஜாக்சினும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. மூச்சு இரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது மட்டும் டிஜாக்சின் எடுத்தவர்களுக்குக் குறைந்தது. அது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிய வைத்தவரைக் கேட்டால் சொல்வார். ஆனாலும் ஆயுளுக்குத் துணையாக இருப்பவை சீட்டில் உள்ள மற்ற மாத்திரைகள். 'இதயத்துக்குப் பலம் தருவது இதுதானே, மற்றதைக் குறைத்துக்கொள்ளலாம்' என்று யாரும் முடிவு எடுக்கக் கூடாது. மாத்திரைச் செலவைக் குறைக்க நினைத்து இப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரை மாத்திரை, ஐந்து நாள்

கடையில் நம் கைக்கு வழக்கமாகக் கிடைப்பது 0.25 மில்லிகிராம் மாத்திரை. வயதானவர்களுக்கும், உடல் மெலிந்தவர்களுக்கும், கிட்னி சற்றுத் தளர்ந்தவர்களுக்கும் தினம் முழு மாத்திரை பெரும்பாலும் அதிகம். அதனால் டாக்டர்கள் இரண்டில் ஒரு வழியை எடுப்பார்கள்: தினமும் அரை மாத்திரை, அல்லது வாரத்தில் ஐந்து நாள் கொடுத்து இரண்டு நாள் நிறுத்துவது. சனி, ஞாயிறு என்று சேர்த்து விடுவார்கள். சிலர் வியாழன், ஞாயிறு என்று பிரித்து விடுவார்கள். கிட்னி நன்றாக இருப்பவருக்கே இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். அதனால் இடையில் விடுவதால் மருந்தின் வேலை அறுந்து போகாது.

எனக்கு, டாக்டர் சம்மதித்தால், தினமும் அரை மாத்திரை என்ற முறைதான் பிடிக்கும். 'இன்று உண்டா, இல்லையா' என்ற குழப்பமே வராது. ஐந்து நாள் முறைதான் என்றால் மாதக் காலண்டரில் அந்த இரண்டு கிழமைகளையும் சிவப்புப் பேனாவால் முன்கூட்டியே அடித்து வையுங்கள். கொடுத்த நாளில் கொடுத்தவுடன் ஒரு டிக். கொடுக்கும் முன்னால் டிக் போடக் கூடாது.

பாதியாக உடைப்பதற்கு மெடிக்கலில் மாத்திரை வெட்டும் சிறு டப்பி கிடைக்கும். பல்லால் கடித்தும் நகத்தால் கிள்ளியும் உடைத்தால் ஒரு நாள் முக்கால், மறுநாள் கால் என்று போகும். வேறு மாத்திரையில் அது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். இதில் அப்படி விட முடியாது.

தினமும் ஒரே நேரம். காலையா, இரவா என்பது உங்கள் வசதி. ஜெலுசில், டைஜீன் மாதிரி அமில மருந்து குடிக்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சேர்ந்து போனால் டிஜாக்சின் முழுதாக உடலில் சேராது. மறந்துவிட்டீர்களா? பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு மட்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது கூடவே கூடாது. கொடுத்தோமா, இல்லையா என்று சந்தேகம் வந்தால், கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நாடி பார்ப்பது

மாத்திரை கொடுக்கும் முன்னால் தினமும் நாடி பார்க்க வேண்டும். அவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். குளித்துவிட்டு வந்த உடனேயோ, மாடிப்படி ஏறிய உடனேயோ பார்த்தால் கணக்கு தப்பும். மணிக்கட்டில், கட்டைவிரல் இருக்கும் பக்கத்தில், உங்கள் நடு மூன்று விரல்களை மெதுவாக வைத்துத் துடிப்பு தட்டுப்படும் இடத்தைத் தேடுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதில் உங்கள் துடிப்பே தெரியும். அழுத்திப் பிடித்தால் துடிப்பு மறைந்துவிடும்.

முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்காகத் துடிப்பவருக்குச் சரி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு நாடி கூட்டியும் குறைத்தும், விட்டு விட்டும் ஓடும். கால் நிமிடக் கணக்கு ஏமாற்றிவிடும். இவர்களுக்கு பி.பி. மிஷின் காட்டும் பல்ஸ் எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. இதயம் துடித்த எல்லாத் துடிப்பும் மணிக்கட்டு வரை வந்து சேராததால், வார்டில் நாங்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தும் எண்ணுவோம். வீட்டில் மணிக்கட்டு போதும்.

பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் அன்றைய மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சிலருக்கு டாக்டரே வேறு எண் சொல்லியிருப்பார். அப்படியானால் அவர் சொன்ன எண்தான். முதல் தடவை சீட்டு வாங்கும்போதே "எத்தனைக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், எத்தனைக்கு மேலே போனால் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எண்ணில் மட்டும் தெரியாதது. மாதக்கணக்கில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த நாடி ஒருநாள் திடீரென்று மெதுவாகவும் கடிகாரம் மாதிரி ஒழுங்காகவும் ஓடினால், 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். மருந்து கூடிப்போய், இதயத்தின் மேலறையின் துடிப்பு கீழறைக்கு இறங்குவது தடைபட்டாலும் நாடி இப்படித்தான் ஓடும். அன்றைக்கே ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

தட்டில் தெரியும் அறிகுறி

எங்கள் தெருவில் எல்லோரும் ஆச்சி என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். வால்வு சுருக்கம், தாறுமாறான துடிப்பு, டிஜாக்சின், கூடவே நீர் பிரிய லாசிக்ஸ். ஒரு சித்திரை மாதம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றிருக்கிறது. அப்புறம் ஒரு வாரம் சாப்பாடே இறங்கவில்லை. "எதைக் கண்டாலும் குமட்டுது, ரச வாசனையே பிடிக்கல"ன்னு தட்டைத் தள்ளி வைத்தார். வீட்டில் கேஸ் ட்ரபிள் என்று நினைத்து, கடையில் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். டிஜாக்சினை ஒருநாள்கூட விடவில்லை. பொறுப்பான மருமகள், தவறாமல் கொடுத்திருக்கிறாள். "சிஸ்டர், ஆச்சி எந்நேரமும் தூங்கி வழியுதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க"ன்னு அவள் கூப்பிட்டபோது போனேன். கையைப் பிடித்து எண்ணினேன், 44. ட்யூப்லைட்டைக் காட்டி, "அதைச் சுத்தி மஞ்சளா வளையம் தெரியுது, நேத்துலேர்ந்து"ன்னு ஆச்சி சொன்னார். அப்போதே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது, பொட்டாசியம் இறங்கியிருந்தது. மருந்தை நிறுத்தி, மானிட்டரில் வைத்துச் சரி செய்து அனுப்பினார்கள். இப்போது வாரம் ஐந்து நாள் அரை மாத்திரையில் நன்றாக இருக்கிறார்.

பசியின்மை, குமட்டல், வாந்தி, சோர்வு, குழப்பமான பேச்சு, பார்வையில் மஞ்சள் அல்லது பச்சைச் சாயல், விளக்கைச் சுற்றி வளையம், மெதுவான நாடி. இதில் பார்வை மாற்றம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனால் அது எல்லோருக்கும் வருவதில்லை. முதலில் வருவது பெரும்பாலும் பசி போவதுதான். இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. இந்த மருந்தின் மூலம் ஃபாக்ஸ்குளோவ் என்ற ஐரோப்பியச் செடி. அதன் இலையை உடல் வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்த இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், 1785-லேயே வாந்தி, மஞ்சள் பச்சையாகத் தெரிவது, நாடி 35 வரை இறங்குவது எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார். 1930-ல் அதே இனத்தின் இன்னொரு செடியிலிருந்து சிட்னி ஸ்மித் டிஜாக்சினைப் பிரித்தெடுத்தார். அளவு துல்லியமானது, அறிகுறிகள் மாறவில்லை.

ஆகவே டிஜாக்சின் எடுக்கிறவர் இரண்டு வேளை தொடர்ந்து சாப்பாடு வேண்டாம் என்றால், காரணம் கேட்பதற்கு முன் நாடியைப் பாருங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் நாடி எப்படி இருந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். மயக்கம் போட்டாலோ, நாடி 50-க்குக் கீழே போய் ஆள் சோர்ந்து விழுந்தாலோ போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பொட்டாசியமும் கிட்னியும்

செல்லின் வெளிப்புறத்தில் பொட்டாசியம் உட்காரும் அதே இடத்தில்தான் டிஜாக்சினும் உட்கார வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான்: பொட்டாசியம் குறைவாக இருந்தால் டிஜாக்சின் கூடுதல் இடம் பிடித்துக்கொள்ளும். மாத்திரை அளவு மாறாமலேயே விளைவு கூடிவிடும். லாசிக்ஸ், டைட்டார் மாதிரி நீர் மாத்திரைகள் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றுகின்றன. டிஜாக்சினோடு இவையும் சேர்ந்தே இருப்பதுதான் வழக்கம், அதனால் இந்தக் கவனிப்பு கிட்டத்தட்ட எல்லோருக்கும் வேண்டும்.

அதற்காக, பொட்டாசியம் உள்ளது என்று கேட்டதை வைத்து தினமும் இளநீர் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். அதே சீட்டில் ஆல்டாக்டோன் போன்ற மாத்திரை இருந்தால் அது பொட்டாசியத்தை உடலில் நிறுத்தி வைக்கும்; கிட்னியும் தளர்ந்திருந்தால் இளநீரும் பழச்சாறும் சேர்ந்து பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது. வழக்கமான உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

டிஜாக்சின் பெரும்பாலும் கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் ஏறினால் மருந்து உள்ளேயே சேரும். கத்திரி வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குறைந்து, வயிறும் போனால் இரண்டே நாளில் நிலைமை மாறலாம். கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் தவறாமல் பாருங்கள். உடம்பு முடியாமல் போனால் அந்த இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டாம்.

டிஜாக்சின் அளவையே ரத்தத்தில் பார்க்கச் சொன்னால், நேரம் முக்கியம். மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் எடுப்பது இன்னும் நல்லது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு நேரே லேபுக்குப் போனால் எண் பொய்யாக ஏறித் தெரியும். கடைசி மாத்திரை எப்போது போட்டது என்று லேபில் எழுதச் சொல்லுங்கள். இதயச் செயலிழப்புக்கு இப்போது விரும்பப்படும் அளவு ஒரு மில்லிக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம். சில லேப் ரிப்போர்ட்டுகளில் 2.0 வரை சரியான அளவு என்று பழைய எல்லையை அச்சடித்திருப்பார்கள். 1.6 என்று வந்து, அளவு மீறியதாகத் தடித்த எழுத்தில் காட்டவில்லை என்பதால் பீரோவில் வைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

வேறு டாக்டர், வேறு மருந்து

பல் வலிக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்குக் கடைக்காரர். மூன்று பேருக்கும் டிஜாக்சின் விஷயம் தெரியாது, நாம் சொன்னால்தான் தெரியும். தொண்டைக்கும் நெஞ்சுச் சளிக்கும் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் ரத்தத்தில் டிஜாக்சினை ஏற்றும். படர்தாமரைக்கு இப்போது தாராளமாகக் கொடுக்கப்படும் இட்ராகோனசோலும் ஏற்றும்; அது இதயத்தின் பம்பிங்கையும் தனியாகக் குறைக்கக்கூடியது, எனவே இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. துடிப்புக்காக அமியோடரோன் சேர்த்தால் டிஜாக்சினைப் பெரும்பாலும் பாதியாக்குவார்கள். பிரஷருக்கும் துடிப்புக்கும் கொடுக்கும் வெராபமிலும் அப்படித்தான் கவனிக்க வேண்டியது. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் உடலில் நீரைச் சேர்க்கும், கிட்னியைக் கெடுக்கும், இவர்களுக்கு ஆகாது.

நாட்டு மருந்து என்று அரளி சேர்ந்த எதையும் அண்ட விடாதீர்கள். நம் வேலியோரத்து அரளியிலும் மஞ்சள் அரளியிலும் இருப்பது டிஜாக்சின் குடும்பத்தைச் சேர்ந்த நஞ்சுகள்தான். எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லை, உயிருக்கே ஆபத்து.

மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள். சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை, மிட்டாய் மாதிரித்தான் இருக்கும். குழந்தை ஒன்றே ஒன்று விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும், அட்டையோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஐசியூவில் போடும் மருந்துகள்

"ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார், அதையே மாத்திரையாகத் தரக் கூடாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. டோபுடமின், மில்ரினோன் என்ற மருந்துகள் அவை. ரத்த அழுத்தம் இறங்கி, கைகால் சில்லிட்டு, சிறுநீர் நின்றுபோகும் நிலையில், மானிட்டரைப் பார்த்தபடி சிரிஞ்ச் பம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். டோபுடமினின் வேலை நிறுத்திய சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் சிரிஞ்ச் மாற்றும்போது நாங்கள் அவ்வளவு பதறுவோம், நிறுத்தும்போதும் படிப்படியாகக் குறைப்போம். பம்ப் சத்தம் போட்டால் பொத்தானைத் தொடாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மில்ரினோனை மாத்திரையாக நீண்ட நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1991-ல் வெளியான அந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு 28 சதவீதம் கூடுதல், பாதியிலேயே நிறுத்தினார்கள். தளர்ந்த இதயத்தை அடித்து ஓட்டினால் சில நாளுக்கு ஓடும், நாள்பட்டால் தாங்காது. சுருங்கும் பலத்தைக் கூட்டும் மருந்துகளில் வீட்டு மாத்திரையாக நிலைத்தது டிஜாக்சின் குடும்பம்தான். அதன் உறவான டிஜிடாக்சினை வைத்து 2025-ல் வந்த ஆய்வில், இறப்பையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நல்ல பலன் தெரிந்தது. அது வேறு மருந்து; பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாற்றிக் கேட்காதீர்கள்.

டாக்டருக்குப் போன் செய்யும்போது

மாத்திரை டப்பாவோடு ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, நாடி, காலையில் சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் பார்த்த எடை, மாத்திரை கொடுத்ததற்கு டிக். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது, அதற்கும் போன் செய்ய வேண்டும்.

போனில் "அம்மாவுக்கு முடியல" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. இப்படிச் சொல்லுங்கள்: "வயது 68, டிஜாக்சின் தினம் அரை மாத்திரை, கூட லாசிக்ஸ். கடைசி டிஜாக்சின் நேற்று இரவு எட்டு மணி. இன்று காலை நாடி ஒரு நிமிடத்துக்கு 52, வழக்கமாக 70-ஐ ஒட்டி இருக்கும். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, நேற்று இரண்டு தடவை வாந்தி. கடைசி கிரியாட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட் கையில் இருக்கிறது." ராத்திரி வேளையில் வேறு ஒரு டூட்டி டாக்டர் எடுத்தாலும் இவ்வளவு சொன்னால், வரச் சொல்வதா, வீட்டிலேயே பார்ப்பதா என்று அவரால் உடனே சொல்ல முடியும்.